ஊக்கியும் கருவமிலமும்

மகாவலி கங்கை கடலோடு கலக்கும் கொட்டியாரக்குடாவின் தென்கரையில் அமைந்த ஊர் மூதூர். ஒருபுறம் கடல், மறுபுறம் வயல். வலை இழுப்போரும் வேளாண்மை செய்வோரும் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் ஊர் அது. இரசாயனவியல் என்றதும் கொழும்பிலோ கேம்பிரிட்ஜிலோ உள்ள ஆய்வுகூடங்களும் கண்ணாடிக் குழாய்களுமே பலருடைய மனத்தில் தோன்றும். ஆயினும், இன்றைய இரசாயன ஆராய்ச்சியின் இரு பெருங் கிளைகளாகிய ஊக்கியியலும் கருவமில ஆராய்ச்சியும் எங்கே சென்று சேர்கின்றன என்று வினவுவோர்க்கு மூதூரின் வயல்வரப்பையும், தோணியிற் கிடக்கும் கயிற்றுச் சுருளையும், காய்ச்சலிற் படுத்திருக்கும் குழந்தையின் கட்டிலையும் விடையாகக் காட்டலாம்.

முதலில் வயலை எடுத்துக்கொள்வோம். நெற்பயிர் தழைக்க நைதரசன் வேண்டும். காற்றிலே ஐந்தில் நான்கு பங்கு நைதரசனேயாகும். அப்படியிருந்தும் பயிரால் அதனைத் தொட முடிவதில்லை. கடல் நடுவே குடிநீரின்றித் தவிக்கும் மீனவனின் நிலைதான் பயிரின் நிலையும். காற்றிலுள்ள நைதரசனில் இரண்டிரண்டு அணுக்கள் மும்மடிப் பிணைப்பினால் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டிருக்கின்றன. அந்தப் பிடியை அவிழ்த்து, ஐதரசனோடு சேர்த்து அமோனியாவாக்கினால்தான் அதிலிருந்து யூரியா முதலிய பசளைகளைச் செய்ய இயலும்.

இப்பிடியை அவிழ்க்கும் வழியை யேர்மனிய அறிஞர் பிரிட்ஸ் ஹாபர் 1909ஆம் ஆண்டில் செய்து காட்டினார். உயர்ந்த வெப்பநிலையும் மிகுந்த அமுக்கமும் அதற்குத் தேவைப்பட்டன. அவை மட்டும் போதவில்லை. ஊக்கி ஒன்றும் வேண்டியிருந்தது. ஹாபர் கையாண்ட ஒசுமியம் என்னும் உலோகமோ உலகில் மிக அரிதாகக் கிடைப்பது. அதனை நம்பி ஆலை அமைப்பது இயலாத காரியம். எனவே கார்ல் பொஷ் என்பாரின் தலைமையில் அல்வின் மித்தாஷ் என்னும் இரசாயனர் ஆயிரக்கணக்கான பொருள்களை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தார். ஈற்றில் வெற்றி தந்தது சுவீடன் நாட்டு இரும்புத் தாது ஒன்று. தூய இரும்பு அவ்வளவு நன்றாக வேலை செய்யவில்லை என்பது வியப்பு. அலுமினியம், பொற்றாசியம் ஆகியவற்றின் ஒட்சைட்டுகள் சிறிதளவு கலந்த இரும்பே சிறந்த ஊக்கியாயிற்று. 1913இல் ஒப்பாவு என்னுமிடத்தில் முதல் ஆலை இயங்கத் தொடங்கியது. இன்று மனித உடலிலுள்ள நைதரசனில் ஏறத்தாழப் பாதி இவ்வாறு ஆலைகளின் வழியே வந்தது என்று மதிப்பிடுவர். மூதூரில் உண்ணப்படும் சோறும் இதற்கு விலக்கன்று.

ஊக்கி என்பது யாது? இச்சொல்லின் மூலத்தை 1835இல் வழங்கியவர் சுவீடன் நாட்டு இரசாயனர் பேர்சீலியஸ். இரு வீட்டாரை ஒன்று சேர்த்துவிட்டுத் தான் விலகிக்கொள்ளும் கலியாணத் தரகரை ஊக்கிக்கு ஒப்பிடலாம். (தரகர் கூலி கேட்பார், ஊக்கி கேட்பதில்லை.) தாக்கம் முடிந்தபின் ஊக்கி பழைய நிலையிலேயே மிஞ்சுவதால் அடுத்த சோடியைச் சேர்த்துவைக்க அது மீண்டும் ஆயத்தமாகிவிடும். ஆனால் ஒன்றை மறத்தலாகாது. பொருந்தவே பொருந்தாத சாதகங்களைப் பொருத்திவைக்க எந்த ஊக்கியாலும் இயலாது. நடக்கக்கூடிய தாக்கத்துக்கு எளிய பாதை ஒன்றைத் திறந்து, அதனை விரைவுபடுத்துவதே அதன் தொழில். நேர்வழியிற் குறுக்கே நிற்கும் மலையை ஊக்கி அகற்றுவதில்லை. மலையிடுக்கில் ஒரு கணவாயைக் காட்டுகிறது.

இரும்பின் மேற்பரப்பில் அக்கணவாய் எங்கே உள்ளது என்பது ஆலைகள் ஓடத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் கழிந்த பின்னரே விளங்கிற்று. நைதரசன் மூலக்கூறு இரும்பின்மேல் அமர்ந்து, இரு அணுக்களாகப் பிளந்து, பின்னர் ஐதரசன் அணுக்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏற்கிறது. பிளக்கும் படியே மிக மெதுவானது. இதனைப் படிப்படியாக நிறுவிய கெர்ஹார்ட் ஏர்ட்டல் 2007இல் நோபல் பரிசு பெற்றார். உலகமே உண்டு வாழ்ந்த ஒரு தாக்கத்தின் உள்விவரம் பல பத்தாண்டுக் காலம் ஐயத்துக்குரியதாகவே இருந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

இதில் இலங்கைக்கு என்ன என்று கேட்பவர்கள் 2021ஆம் ஆண்டை நினைவுகூர்தல் வேண்டும். அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் அத்தடை தளர்த்தப்பட்டபோதிலும், பெரும்போகத்துக்கு உரிய காலத்தில் யூரியா வயலை அடையவில்லை. விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. அரிசியை வெளிநாட்டிலிருந்து தருவிக்க நேர்ந்தது. இயற்கைப் பசளையின் நன்மை தீமை வேறு விடயம். ஒரு போகத்துக்குள் நைதரசனுக்கு மாற்று வழி எதுவும் ஆயத்தமாக இருக்கவில்லை என்பதே இங்கு கவனிக்கத்தக்கது. இரும்பு ஊக்கியின் வேலை ஒரு நாட்டின் உலையில் எவ்வளவு தூரம் கலந்திருக்கிறது என்பதை எந்தப் பாடநூலையும்விட அந்த ஒரு போகம் தெளிவாகக் காட்டிற்று.

ஆலைமுறைக்குக் குறைகளும் உண்டு. அதற்கு வேண்டிய ஐதரசன் பெரும்பாலும் இயற்கை வாயுவிலிருந்து பெறப்படுவதால் காபனீரொட்சைட்டு பேரளவில் வெளியேறுகிறது. வாயுவின் விலை ஏறினால் யூரியாவின் விலையும் ஏறும். ஆகவே குறைந்த வெப்பத்திலும் அமுக்கத்திலும் தொழிற்படும் ஊக்கியைத் தேடும் பணி இன்று மும்முரமாக நடைபெறுகிறது. யப்பானிய அறிஞர் ஹிதேயோ ஹொசொனோவின் குழுவினர், இலத்திரன்களை எளிதில் வழங்கவல்ல ஒருவகைச் சுண்ணாம்பு-அலுமினாச் சேர்வையின்மீது உருத்தேனியம் என்னும் உலோகத்தை அமர்த்திச் செய்த ஊக்கியை 2012இல் அறிவித்தனர். நைதரசன் பிளப்பதற்கு இலத்திரன்கள் துணைபுரிகின்றன என்பது அதன் தத்துவம்.

பயறு, கௌபி, நிலக்கடலை ஆகியவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் பற்றீரியாக்களோ எவ்வித ஆலையுமின்றி, சாதாரண மண்ணின் சூட்டிலேயே இதனைச் செய்துவிடுகின்றன. இரும்பும் மொலித்தனமும் கந்தகமும் சேர்ந்த ஓர் அணுக்கூட்டம் அவற்றின் நொதியத்தின் நடுவே உள்ளது. அதன் வடிவம் 1992இல் அறியப்பட்டது. அக்கூட்டத்தின் மையத்தில் காபன் அணு ஒன்று ஒளிந்திருப்பது 2011இலேதான் உறுதியாயிற்று. அதனைப் போன்ற ஒன்றைச் செயற்கையாகச் செய்து, ஆலைக்கு ஈடான அளவில் இயக்குவது இன்னும் கைகூடவில்லை.

வயலிலிருந்து கடற்கரைக்கு வருவோம். திருகோணமலை மாவட்டத்தின் வடகோடியிலுள்ள புல்மோட்டைக் கரையில் கரிய மணல் கிடப்பதைக் கண்டவர் பலர். அதிலே இல்மனைற்று, உரூற்றைல், சேர்க்கன் முதலிய கனியங்கள் செறிந்துள்ளன. அம்மணலைப் பிரித்தெடுப்பதற்காக அரசாங்கக் கூட்டுத்தாபனம் ஒன்று 1957இல் நிறுவப்பட்டது. இல்மனைற்று என்பது இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த சேர்வை. அதிலிருந்து கிடைக்கும் தைத்தேனியமீரொட்சைட்டு வெண்மையான தூள். தீந்தை, காகிதம், பிளாத்திக்கு ஆகிய யாவற்றுக்கும் வெண்மை தருவது அதுவே.

தைத்தேனியத்தின் பெருமை வெண்மையோடு நிற்கவில்லை. 1953இல் யேர்மனியைச் சேர்ந்த கார்ல் சீக்ளர், தைத்தேனியக் குளோரைட்டையும் அலுமினியச் சேர்வை ஒன்றையும் கலந்த ஊக்கியினால், எதிலீன் வாயுவைச் சாதாரண அமுக்கத்திலேயே நீண்ட சங்கிலிகளாகக் கோக்கலாம் என்று கண்டார். இத்தாலியரான யூலியோ நத்தா அவ்வழியைப் புரொப்பிலீனுக்கு விரித்து, சங்கிலியின் கிளைகளெல்லாம் ஒரே ஒழுங்கில் அமையுமாறு செய்தார். இருவரும் 1963இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். கிளைகள் ஒழுங்கற்றுக் கிடந்தால் அப்பொருள் பிசுபிசுத்த பசையாகும். ஒழுங்குபட்டால் உறுதியான நாராகும். இரண்டிலும் அணுக்கள் ஒன்றே; அடுக்கும் முறையே வேறு. நீரில் மிதக்கும், உப்பில் உக்காத அந்த நாரிலிருந்தே இன்று வள்ளங்களிற் கிடக்கும் நைலோன் அல்லாத கயிறுகளுட் பெரும்பாலானவை திரிக்கப்படுகின்றன. மூதூர் மீனவர் நங்கூரமிடும் கயிற்றிலே தைத்தேனியத்தின் கைவேலை உண்டு என்பது அவர்கள் எண்ணிப் பார்த்திராத செய்தியாக இருக்கலாம்.

அதே தைத்தேனியமீரொட்சைட்டு ஒளியினாலும் ஊக்கியாகிறது. யப்பானில் கெனிச்சி ஹொண்டாவும் அவருடைய மாணவர் அகிரா புஜிஷிமாவும், நீரில் அமிழ்ந்த இதன்மீது ஒளி பட்டதும் நீர் ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரிவதை 1972இல் உலகுக்கு அறிவித்தனர். அழுக்கு நீரிலுள்ள நச்சுச் சேர்வைகளைச் சிதைக்கவும் இம்முறை உதவும். ஆனால் ஒரு தடை உண்டு. சூரிய ஒளியில் சிறு பங்கேயான ஊதாக்கடந்த கதிரை மட்டுமே இது ஏற்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியை அப்படியே திருப்பி அனுப்பிவிடுகிறது. வெள்ளையாக இருப்பதன் பொருளே அதுதான். இக்குறையை நீக்கச் சாயம் ஒன்றை அதன்மேல் ஏற்றலாம் என்பது அறிஞர் கண்ட வழி. 1991இல் சுவிட்சர்லாந்தில் மைக்கேல் கிரெற்செலும் பிறயன் ஒரீகனும் இவ்வகையில் திறன் மிக்க சூரிய மின்கலத்தைச் செய்தனர். அதிலிருந்த திரவப் பகுதிக்குப் பதிலாகச் செப்பயடைட்டு என்னும் திண்மப் பொருளை அமைக்கும் ஆய்வில் உலகின் முன்னணியில் நின்றவர்களுள் ஒருவர், கண்டியிலுள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தின் பேராசிரியர் கீர்த்தி தென்னக்கோன்.

மணல் இங்கே, அதன் நுட்பத்தை அறிந்த அறிஞரும் இங்கே. எனினும் நெடுங்காலமாகப் புல்மோட்டை மணல் பெரும்பாலும் கனியமாகவே கப்பலேறிச் சென்றது. தீந்தையாகவும் தூளாகவும் பன்மடங்கு விலையோடு திரும்பி வந்தது. போர்க்காலத்தில் அந்த ஏற்றுமதியும் தடைப்பட்டது. இரண்டுக்கும் இடையே விடுபட்டது இரசாயன ஆலை என்னும் ஒரு படியே. அப்படியை அமைக்கப் பெருமுதலும் அமிலக் கழிவை அடக்கும் வகையும் வேண்டும் என்பது உண்மைதான். அதனை எண்ணாமல் ஆலை வேண்டும் என்று முழங்குவோர், கழிவு எந்தக் கடலிற் சேரும் என்பதையும் சொல்ல வேண்டும்.

இனி, உயிரின் பக்கம் திரும்புவோம். உயிர்க் கலங்களில் ஊக்கியாகத் தொழிற்படுவன நொதியங்கள். நொதியங்கள் யாவும் புரதங்களே என்பது நெடுங்காலம் ஐயமற்ற உண்மையாகப் போதிக்கப்பட்டு வந்தது. கருவமிலங்கள் செய்தியைச் சுமப்பவை, புரதங்கள் வேலையைச் செய்பவை, இதுவே கணக்கு. கருவமிலத்தை 1869இல் முதன்முதற் பிரித்தெடுத்தவர் பிரீட்ரிக் மீஷர். புண்களைக் கட்டிய துணியிலிருந்த சீழே அவருக்கு மூலப்பொருளாயிற்று. 1953இல், ரொசலின்ட் பிராங்ளின் எடுத்த ஊடுகதிர்ப் படத்தின் துணையோடு, வொட்சனும் கிரிக்கும் டீ.என்.ஏ. இரட்டைச் சுருள் என்று காட்டினர். அதில் நான்கு எழுத்துக்களே உள. அந்த நான்கெழுத்து மொழி, ஆர்.என்.ஏ. என்னும் படியின் வழியே, இருபது அமினோவமிலங்களாலான புரத மொழிக்கு எவ்வாறு பெயர்க்கப்படுகிறது என்பதைக் கண்டோருள் பஞ்சாப்பிற் பிறந்த ஹர் கோவிந்த் கொரானாவும் ஒருவர். அவர் 1968இல் நோபல் பரிசு பெற்றார்.

இக்கணக்கிலே ஒரு சிக்கல் இருந்தது. புரதம் செய்யக் கருவமிலத்தின் செய்தி வேண்டும். கருவமிலத்தைப் படியெடுக்கப் புரத நொதியம் வேண்டும். அவ்வாறாயின் ஆதியில் முந்தியது எது? மரமா, விதையா என்ற பழைய வினாவே வேறு வேடத்தில் வந்தது. 1982இல் அமெரிக்கரான தோமஸ் செக், ஒரு நுண்ணுயிரின் ஆர்.என்.ஏ. எந்தப் புரதத்தின் உதவியுமின்றித் தன் நடுவிலுள்ள துண்டைத் தானே வெட்டி எறிந்து, முனைகளைப் பொருத்திக்கொள்வதைக் கண்டார். தமது சோதனையிற் புரதம் ஏதேனும் கலந்துவிட்டதோ என்றே முதலில் ஐயம் எழுந்தது. சிட்னி ஓல்ற்மன் வேறொரு வழியில் இதே முடிவுக்கு வந்தார். செய்தியைச் சுமக்கும் கருவமிலமே ஊக்கியாகவும் இருக்கலாம் என்பது உறுதிப்பட்டது. 1989இல் இருவருக்கும் பரிசு கிட்டியது.

இது ஏதோ ஓரிரு நுண்ணுயிரிகளின் விசித்திரம் என்று சிலர் ஒதுக்கினர். அவ்வெண்ணத்தை மாற்றியது இரைபோசோம் பற்றிய ஆராய்ச்சி. ஒவ்வொரு கலத்திலும் ஆயிரக்கணக்கில் இருந்து, புரதங்களைக் கோத்துத் தரும் தறி இரைபோசோம். அதிலே ஆர்.என்.ஏ.யும் உண்டு, புரதங்களும் உண்டு. அமினோவமிலங்களை முடிச்சிடும் கை எது? 2000ஆம் ஆண்டில் தோமஸ் ஸ்ரைற்ஸின் குழுவினர் இரைபோசோமின் பெரிய பாகத்தின் அணுவமைப்பை வெளியிட்டபோது, முடிச்சு விழும் இடத்தின் அருகிலே ஆர்.என்.ஏ. மட்டுமே இருக்கக் கண்டனர். அதே ஆண்டிற் சிறிய பாகத்தின் அமைப்பை, கேம்பிரிட்ஜில் வெங்கட்ராமன் இராமகிருஷ்ணனின் குழுவினர் வெளியிட்டனர். செய்தி சரியாகப் படிக்கப்படுகிறதா என்று அப்பாகம் சரிபார்க்கும் முறையும், சில நுண்ணுயிர்கொல்லி மருந்துகள் அங்கே போய் அமர்ந்து பற்றீரியாவின் தறியைக் குழப்பும் முறையும் அதனால் விளங்கின. இராமகிருஷ்ணன் 1952இல் சிதம்பரத்திற் பிறந்தவர். பரோடாவில் பௌதிகம் பயின்றவர். பௌதிகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்ற பின்னர் உயிரியலை மீண்டும் மாணவராக அமர்ந்து கற்றவர். ஸ்ரைற்ஸ், அடா யோனத் ஆகியோருடன் 2009இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசை அவர் பகிர்ந்துகொண்டார்.

கருவமிலத்தின் எழுத்துக்கள் ஆதியில் எங்கிருந்து வந்தன என்ற வினாவுக்கு விடை தேடியோருள் இலங்கையர் ஒருவர் தலையாயவர். காலியிற் பிறந்த சிறில் பொன்னம்பெரும சென்னைப் பல்கலைக்கழகத்திலே தத்துவம் பயின்று, பின்னர் இலண்டனிலும் கலிபோர்னியாவிலும் இரசாயனத்தைக் கற்றார். மீதேன், அமோனியா, நீர் ஆகியவை கலந்த கலவையின்மீது இலத்திரன் கற்றையைப் பாய்ச்சியபோது கருவமில எழுத்துக்களுள் ஒன்றான அடனீன் தோன்றுவதை, கல்வின் முதலியோருடன் சேர்ந்து 1963இல் அவர் காட்டினார். 1969இல் அவுஸ்திரேலியாவின் மேர்ச்சிசனில் வீழ்ந்த விண்கல்லில் அமினோவமிலங்கள் இருப்பதைக் கண்ட குழுவிலும் அவர் இருந்தார். 1980களிலே தாயகம் திரும்பி, மேலே கூறிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்துக்குத் தலைமை தாங்கினார்.

இவ்வளவும் கேட்டபின், காய்ச்சலிற் கிடக்கும் குழந்தைக்கு இதனால் என்ன என்று ஒரு தாய் வினவக்கூடும். 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மூதூருக்கு அயலூராகிய கிண்ணியாவில் டெங்கு கடுமையாகப் பரவிப் பலர் உயிரிழந்தனர். அவ்வாண்டு இலங்கை முழுவதிலும் 1,86,000 பேர் அளவில் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். டெங்கு வைரசு நான்கு வகைப்படும். ஒரு வகை ஒருமுறை வந்துபோனால் அவ்வகைக்கு எதிர்ப்பு நிலைக்கும். ஆனால் பின்னர் வேறு வகை வந்தால் நோய் முன்னையிலும் கொடியதாகலாம். முந்திய சில ஆண்டுகளில் முதலாம் வகையே மிகுந்திருக்க, 2017இல் இரண்டாம் வகை மேலோங்கியது. இதனைக் கண்டறிந்தது கருவமிலப் பரிசோதனையே.

அப்பரிசோதனையில் ஊக்கியும் கருவமிலமும் கைகோத்து வேலை செய்கின்றன. டெங்கு வைரசின் செய்தி ஏறத்தாழ 10,700 எழுத்துக்கள் கொண்ட ஓர் ஆர்.என்.ஏ. இழை. ஒரு துளி குருதியில் அது காணமுடியாத அளவு சிறிதே இருக்கும். 1970இற் கண்டுபிடிக்கப்பட்ட நொதியம் ஒன்று அதனை முதலில் டீ.என்.ஏ.யாகப் பெயர்க்கிறது. அதன்பின் 1983இல் கரி முல்லிஸ் வகுத்த பி.சி.ஆர். முறை தொடங்கும். கலவையை 95 பாகை வரை சூடாக்கினால் இரட்டைச் சுருள் இரு இழைகளாகப் பிரியும். சூட்டைக் குறைத்தால், தேடும் இடத்தில் மட்டும் ஒட்டக்கூடிய சிறு தொடக்கத் துண்டுகள் வந்து அமரும். 72 பாகையளவில் நொதியம் அவற்றை நீட்டிப் புதிய இழையைக் கோக்கும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். முப்பது சுற்று முடிந்தால் ஒன்று நூறு கோடிக்கு மேலாகும்.

ஆனால் சாதாரண நொதியம் 95 பாகையில் அவித்த முட்டைபோல் ஆகிவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாக நொதியம் ஊற்ற வேண்டியிருந்த அத்தொல்லையை நீக்கியது ஒரு வெந்நீரூற்றுப் பற்றீரியா. தோமஸ் புரொக் என்பார் 1960களில் அமெரிக்காவின் யெலோஸ்ரோன் ஊற்றுகளிலே, 70 பாகையிலும் நலமாக வாழும் உயிரியைக் கண்டார். மருத்துவம் எதுவும் அப்போது அவர் எண்ணத்தில் இல்லை. அவ்வளவு சூட்டில் உயிர் வாழுமா என்று அறியும் ஆவல் ஒன்றே இருந்தது. திருகோணமலைக்கு அருகே, இராவணன் கதையோடு சேர்த்துச் சொல்லப்படும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளின் சூடு உடல் பொறுக்கும் சூடு. யெலோஸ்ரோனின் சூடோ தோலை உரித்துவிடும். அந்த உயிரியின் நொதியமே, சுற்றுக்குச் சுற்றுச் சிதையாமல் நின்று, உலகெங்கும் இப்பரிசோதனையை இயலச் செய்தது.

2020இற் கொவிட் பரவியபோது பி.சி.ஆர். என்னும் சொல் வீட்டுக்கு வீடு பழகிய சொல்லாயிற்று. இலங்கையிலும் இப்பொறிகள் பெருகின. அதே பொறியில் தொடக்கத் துண்டுகளை மட்டும் மாற்றிவிட்டால் டெங்குவையும், அது நால்வகையுள் எது என்பதையும் அறியலாம். ஆனால் குருதி, காய்ச்சல் தொடங்கி ஏறத்தாழ ஐந்து நாட்களுக்குள் எடுக்கப்பட்டிருத்தல் வேண்டும். அதன்பின் வைரசு குருதியினின்றும் மறையத் தொடங்குவதால் கருவமிலத்தைத் தேடுவதில் பயன் குறையும். உடல் அதற்கு எதிராகச் செய்த பிறபொருளெதிரிகளையே பின்னர்த் தேட வேண்டும். காய்ச்சல் தணிவது போலத் தோன்றும் அந்நாட்களே டெங்குவில் ஆபத்து மிக்க நாட்களுமாகும்.